தச்சர் இழந்த இடது கை: 1968ஆம் ஆண்டு விபத்தும் இழப்பீடு கடனாகும் நாளும்

1968 ஜூலை 6 அன்று, ஒரிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு திரையரங்குக்குள் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். இந்த ஜெய்ப்பூர் கோராபுட் மாவட்டத்து ஊர். ராஜஸ்தானத் தலைநகர் வேறு. விழுந்ததில் ஏற்பட்ட காயத்தால் அவருடைய இடது கையை முழங்கைக்கு மேலே துண்டிக்க வேண்டியதாயிற்று. அவர் கேட்ட இழப்பீடு ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பர் 4 அன்று, உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வில் இறுதியாக உறுதி செய்யப்பட்டது. நீதிபதி பி.என். சிங்கால் எழுதிய அந்தத் தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. ஆனாலும் வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அந்த வழக்கை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட தொழிலாளிக்குப் பணம் தராமல் இருப்பதற்கு ஒரு முதலாளி என்னவெல்லாம் சொல்ல முடியுமோ, ஏறக்குறைய அத்தனையும் அந்த ஒரே வழக்கில் சொல்லப்பட்டு, ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது.

விபத்து நடந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு, ஆகஸ்ட் 11 அன்று, தச்சர் இழப்பீடு கேட்டு அறிவிப்பு அனுப்பினார். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 21 தேதியிட்டு, திரையரங்கு உரிமையாளரிடமிருந்து பதில் வந்தது. இவர் தம்மிடம் வேலை பார்க்கும் தொழிலாளி அல்லர், அவ்வப்போது வந்துபோகும் ஒப்பந்தக்காரர் என்பது அதில் ஒரு வாதம். விபத்துக்கு அவருடைய கவனக்குறைவு மட்டுமே காரணம் என்பது இன்னொன்று. தச்சர் நேரில் போய்க் கேட்டும் பார்த்தார், பயனில்லை. ஆகவே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, அச்சட்டத்தின் கீழ் வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் மனுச் செய்தார். (இங்கே இனி வரும் பிரிவு எண்கள் அந்தச் சட்டத்துக்குரியவை; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.) அங்கே, இந்த மனுவை விசாரிக்க ஆணையருக்கு அதிகாரமே இல்லை என்ற ஆட்சேபம் எழுப்பப்பட்டது. அதோடு நிற்கவில்லை. தச்சரைச் சம்மதிக்க வைத்து, ஒரு சிறு தொகைக்கு விவகாரம் பைசலாகிவிட்டதாக ஓர் ஒப்பந்தக் குறிப்பும் தாக்கல் செய்யப்பட்டது. அந்தத் தொகை மிக மிகக் குறைவு என்று சொல்லி ஆணையர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

இந்த வழக்கில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அந்த மறுப்புத்தான். கையை இழந்து சில மாதங்களே ஆன ஒருவர், சம்பாத்தியம் நின்றுபோன நிலையில், வந்தவரை லாபம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அதைச் சட்டம் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தது. இழப்பீடு தொடர்பாக இரு தரப்பும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 28ஆம் பிரிவு. தொகை போதாது என்றோ, வஞ்சகத்தாலோ நெருக்குதலாலோ பெறப்பட்டது என்றோ கண்டால் ஆணையர் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யாமலே ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொண்ட முதலாளி, பிறகு முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாகிறார். ஆணையர் வேறுவிதமாக உத்தரவிட்டாலொழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளியே எழுதிக்கொடுத்து விட்டுவிடும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. 'முழுப் பைசல்' என்று எழுதிய முத்திரைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் பலர் உண்டு. அவர்களுக்கு இந்த மூன்று பிரிவுகளையும் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போவது பெரிய அநியாயம்.

ஆணையர் 1969 மே 6 அன்று உத்தரவிட்டார். இழப்பீடு 9,800 ரூபாய். அதில் 50 விழுக்காடு, அதாவது 4,900 ரூபாய், தண்டத்தொகை. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி. எல்லாம் சேர்ந்து 15,092 ரூபாய். உரிமையாளர் ஒரிசா உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார். அங்கே இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒரு கை போனதை முழு ஊனமாகக் கணக்கிட்டது சரியா என்பது முதல் கேள்வி. இழப்பீடு எந்த நாளில் கொடுத்தே தீரவேண்டிய கடனாகிறது என்பது அடுத்தது.

முதல் கேள்விக்கு உரிமையாளர் தரப்பு நம்பியது சட்டத்தின் முதல் அட்டவணையை. அந்த அட்டவணை உடலின் உறுப்புகளுக்கு விழுக்காட்டுக் கணக்குச் சொல்கிறது: கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, மணிக்கட்டோடு கை போனால் 60. தோளெலும்பு முனைக்குக் கீழே 8 அங்குலத்திலிருந்து முழங்கை முனைக்குக் கீழே நாலரை அங்குலம் வரையிலான பகுதியில் கை துண்டிக்கப்பட்டிருந்தால் 70. அதற்கும் மேலே, தோளையொட்டிக் குறைவான நீளமே எஞ்சும்படி துண்டிக்கப்பட்டால் 80. ஆகவே இது பகுதி ஊனம், 100 என்று போட்டது தவறு என்பது வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் அசைக்க முடியாத வாதம்தான்.

நீதிமன்றம் அட்டவணையிலிருந்து தொடங்கவில்லை. சட்டத்தின் சொல்விளக்கத்திலிருந்து தொடங்கியது. விபத்து நடந்த நேரத்தில் ஒரு தொழிலாளி செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைகளையும் செய்ய முடியாதபடி ஆக்கும் ஊனமே முழு ஊனம் என்கிறது அந்த விளக்கம். காயம்பட்டவர் தச்சர். தச்சுவேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது. எனவே அவருடைய ஊனம் முழுமையானது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தச்சுப் பட்டறையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வலக்கை கொட்டாப்புளியை ஓங்கும்போது உளியைச் சாய்த்துப் பிடித்திருப்பது இடக்கை. இழைப்புளியை வலக்கை தள்ளும்போது முன்னால் அழுத்தித் திசை காட்டுவதும், ரம்பம் ஓடும்போது பலகை நகராமல் அமுக்கிக்கொள்வதும் அதுவே. வேலைக்காரக் கை வலது என்று தோன்றினாலும், இடது கை பிடித்துக் கொடுக்காவிட்டால் வலது கைக்கு அங்கே வேலையே இல்லை. உடலில் போனது எவ்வளவு என்பதை மருத்துவர் அளந்து சொல்லலாம். பிழைப்பில் போனது எவ்வளவு என்பதை அந்தத் தொழிலை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டின் பண மதிப்பை இன்றைய கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 30 வயதுத் தச்சர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. எனவே 9,000 ரூபாயை 207.98ஆல் பெருக்க 18,71,820 ரூபாய் வருகிறது. அட்டவணைப்படி 70 விழுக்காடு மட்டும் என்றால் 13,10,274 ரூபாய். இரண்டுக்கும் இடையே 5,61,546 ரூபாய் வித்தியாசம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் மருத்துவக் குழு எழுதும் விழுக்காட்டையே சம்பாதிக்கும் திறன் இழப்பாக எடுத்துக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளும்போது இந்த அளவுக்குத் தொகை கைவிட்டுப் போகிறது. லாரி ஓட்டுநர் ஒருவரின் வலது கால் முழங்காலோடு எடுக்கப்பட்ட வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தச்சர் தீர்ப்பைப் பின்பற்றியே 100 விழுக்காடு இழப்பு என்று முடிவு செய்தது. ஆனால் இது தானாக வந்துவிடாது. தொழில் என்ன, அந்தத் தொழிலில் அந்த உறுப்பின் பங்கு என்ன, விபத்துக்குமுன் வேறு எந்த வேலைக்கும் அவர் பழகியிருந்தாரா என்பதெல்லாம் சாட்சியத்தில் வந்தாக வேண்டும். மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது, அதே தொழில் செய்யும் ஒருவரைக் கூண்டில் ஏற்றி வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லவைப்பதில் காட்டலாம்.

கவனக்குறைவு வாதத்தை நீதிமன்றம் பொய் வாதம் என்றே குறிப்பிட்டது. இந்தச் சட்டத்தின் அடித்தளமே முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை என்பதுதான். வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் விபத்து நேர்ந்திருந்தால் போதும். தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதை அல்லது போதைமருந்து, பாதுகாப்புக்காகத் தெளிவாக இடப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்று மட்டுமே தொழிலாளியின் நடத்தையைக் காட்டி 3ஆம் பிரிவு முதலாளிக்குத் தரும் விலக்குகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் அந்த மூன்றும்கூட இன்றைய சட்டப்படி செல்லாது. ஒப்பந்தக்காரர் என்ற வாதத்துக்கும் இப்போது இடம் குறைந்திருக்கிறது. 1968இல், முதலாளியின் தொழிலுக்குத் தொடர்பில்லாத தற்காலிக வேலைக்கு வந்தவர்களைச் சட்டம் விலக்கி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

இரண்டாவது கேள்விதான் இந்த வழக்கை வரலாற்றில் நிறுத்தியது. ஆணையர் தொகையைத் தீர்மானிக்கும் வரை கொடுக்க வேண்டிய கடன் என்று எதுவும் இல்லை, ஆகவே தாமதம் என்ற பேச்சுக்கும் தண்டத்துக்கும் வட்டிக்கும் இடமில்லை என்று உரிமையாளர் வாதிட்டார். சச்சரவுகளை ஆணையரே தீர்க்க வேண்டும் என்று சொல்லும் 19ஆம் பிரிவை அதற்கு ஆதாரமாகக் காட்டினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காயம் ஏற்பட்ட அந்தக் கணத்திலேயே 3ஆம் பிரிவின்படி பொறுப்பு உண்டாகிவிடுகிறது. 19ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை ஒத்திவைப்பதில்லை என்றது. காயம் ஏற்பட்ட உடனேயே உரிமையாளர் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அதைவிட மோசமாக, தற்காலிகத் தொகைகூடக் கொடுக்கவில்லை. பொய்யான வாதங்களை எழுப்பினார். நேரில் வந்து கேட்டவரைப் பொருட்படுத்தவில்லை. அற்பத் தொகைக்குப் பைசல் எழுதவைத்தார் என்று வரிசையாக அடுக்கிக் காட்டி, தண்டத்தையும் வட்டியையும் உறுதி செய்தது.

அடிபட்டவரின் பக்கமிருந்து பார்த்தால் இதன் பொருள் தெளிவு. வழக்கு நடக்கும் ஆண்டுகள் முதலாளிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆண்டுகள் அல்ல. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கடனான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு தனிவட்டி என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை விதி. மேலே சொன்ன 18,71,820 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி மட்டும் 2,24,618 ரூபாய். நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு அசலில் 50 விழுக்காடு வரை தண்டம். காப்பீட்டு நிறுவனம் அசலையும் வட்டியையும் ஏற்க வேண்டும், தண்டத்தை முதலாளியே தம் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று 1997இல் மோட்டார் வாகனக் காப்பீடு சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. 'எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்' என்று அறிவிப்புக்குப் பதில்கூட அனுப்பாமல் இருக்கும் உரிமையாளர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டது பின்னர் ஒருகாலம் மறக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1999இல் கேரள மாநில மின்வாரியம் தொடர்பான வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு விபத்து நாளே கணக்குக்குரிய நாள் என்று மீண்டும் உறுதி செய்தது. இருந்தும் 2007இலும் 2009இலும் இரண்டு நீதிபதிகள் அமர்வுகள் வட்டியின் தொடக்கத்தை வேறாகச் சொல்லிவிட்டன; ஒன்று தீர்ப்பு நாளிலிருந்து என்றது, மற்றொன்று மனு நாளிலிருந்து என்றது. அந்த ஆண்டுகளில் மேல்முறையீட்டில் பல குடும்பங்கள் வட்டியை இழந்தன. 2012இல் நீதிபதி அஃப்தாப் ஆலம், நீதிபதி ரஞ்சனா தேசாய் ஆகியோர் அமர்வு, பெரிய அமர்வின் தீர்ப்பைக் கவனிக்காமல் சொல்லப்பட்ட அவை கட்டுப்படுத்தாது என்று கூறி 1975ஆம் ஆண்டு நிலையை மீட்டது; 2014இலும் அதுவே பின்பற்றப்பட்டது. வாதத்தின்போது எதிர்த்தரப்பு 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டினால் இந்த வரிசையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த மனுக்களைத் தொழிலாளர் துறையின் துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகள் விசாரித்து வந்திருக்கிறார்கள். அங்கே தோற்கும் வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தால் தோற்பதில்லை, முதல் நாள் காகிதத்தால் தோற்கின்றன. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்பவர் மேஸ்திரியாகவோ மேற்பார்வையாளராகவோ இருப்பார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதவைத்துவிட்டால், பின்னர் அந்த ஒரு வரியை மறுப்பதற்கே விசாரணையின் பாதி போய்விடும். அதனால் மயக்கம் தெளிந்ததும் குடும்பத்தார் கேட்டு வாங்கவேண்டிய முதல் தாள் அந்தப் பதிவேட்டு நகல். தவறாக எழுதியிருந்தால் உடனே எழுத்து மூலம் மறுத்து, காவல் நிலையத்திலும் தகவல் பதிய வேண்டும். அடுத்தது சம்பளச் சான்று. வாரக்கூலியைக் கையில் வாங்குபவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. வங்கிக் கணக்கில் வந்த வரவு, கைப்பேசிவழி அனுப்பிய பணத்தின் பதிவு, உடன் வேலை பார்த்தவரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு நிரூபிக்கலாம். தம்மிடம் வேலை பார்க்கவில்லை, ஒப்பந்ததாரரின் ஆள் என்று ஆலை சொன்னால், 12ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியான ஆலையே முதலில் கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்கு இவ்வளவு செலவு செய்தோம், அதைக் கழித்துக்கொள்கிறோம் என்பதும் அடிக்கடி வரும் பேச்சு. மருத்துவத்துக்குக் கொடுத்தது இழப்பீடு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று தனியாகவே வைத்திருக்கிறது. விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், தக்க காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும். விபத்து எங்கே நடந்தாலும் தாம் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்யலாம் என்ற வசதியும் உண்டு. திருப்பூரிலோ கோவையிலோ கையை இழந்து ஊர் திரும்பிய ஒடிசா இளைஞர் கோராபுட்டிலிருந்தே வழக்கை நடத்த முடியும் என்பது இதனால்தான். தொழிலாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர் பெறவும் உரிமை உண்டு.

ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் முதலாளியிடம் இந்தச் சட்டப்படி இழப்பீடு கேட்க முடியாது. வேலைக்குச் செல்ல முடியாத காலம் முழுவதும் சராசரித் தினக்கூலியில் 90 விழுக்காடும், நிரந்தர ஊனமென்றால் இழப்புக்கு ஏற்ற மாதாந்தரத் தொகையும் அங்கே கிடைக்கும். விபத்துக்கு முன் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலைவிபத்துக்கு இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு வாரியத்தின் உதவி தனியாகக் கிடைக்கும். அது கிடைத்தது என்பதால் முதலாளியின் பொறுப்புத் தீர்ந்துவிடாது.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தச்சர் பட்ட முதல் துன்பத்துக்குச் சட்டத்தில் விடை இல்லை என்பதே என் வருத்தம். தற்காலிக ஊனம் தொடரும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்று பிரிவு இருக்கிறது. கேட்ட தொகையை முதலாளி முழுதாக ஏற்காவிட்டால், தாம் ஏற்கும் அளவுக்காவது தற்காலிகமாகக் கொடுத்தாக வேண்டும் என்று 4-ஏ பிரிவும் சொல்கிறது. தாம் ஏற்கும் அளவுக்கு என்ற அந்தச் சொற்களில்தான் ஓட்டை. இவர் என் ஆளே இல்லை என்று அடியோடு மறுப்பவர் ஏற்கும் அளவு பூஜ்யம். எனவே முழுப் பொய் சொல்பவருக்கு அன்றைய செலவு எதுவுமில்லை, ஓரளவு நேர்மையாக இருப்பவர் மட்டும் உடனே கொடுக்கிறார். தண்டமும் வட்டியும் அந்தப் பொய்க்குப் பின்னால் விலை வைக்கின்றன, உண்மைதான். ஆனால் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முதல் மாதத்திலேயே வந்து நிற்கின்றன. மூன்று மாதத்துக்குள் ஆணையர் மனுவை முடிக்க வேண்டும் என்று 25-ஏ பிரிவு கூறினாலும், அந்தக் காலவரம்பு பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது. முதல் விசாரணையிலேயே, விபத்து நடந்ததும் அந்த இடத்தில் இவர் வேலை செய்ததும் தோற்ற அளவில் தெரிந்தால், இடைக்காலத் தொகை கட்டும்படி உத்தரவிடும் தெளிவான அதிகாரத்தைச் சட்டமே வழங்கியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும் வழியில் நேரும் விபத்துகளையும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், அது வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது நல்ல மாற்றம். வட்டி விகிதத்தைச் சட்டத்திலேயே எழுதாமல் விதிகளுக்கு விட்டிருக்கிறது. புதிய சட்டம் வருவதற்குமுன் நடந்த விபத்துகளில் உண்டான உரிமை அன்றைய சட்டப்படியே தொடர்கிறது; பொறுப்பு காயத்தோடு பிறக்கிறது என்ற 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த மனுதாரர்களுக்கு இங்கே இன்னொரு முறை துணைநிற்கிறது. தற்காலிகத் தொகை பற்றிய வாசகம் மட்டும், முதலாளி ஏற்கும் அளவுக்கு என்ற அதே சொற்களோடு, புதிய சட்டத்துக்கும் அப்படியே இடம்பெயர்ந்திருக்கிறது.